என்னாக்காவின் சத்தமில்லாத ஒலிபரப்பு

நெசவு மில்லில் அவளுக்கு என்னாக்கா என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து வருகிற முதல் வார்த்தை "என்னா?" என்பதாகத்தான் இருக்கும். காது மந்தம். மில்லில் சேர்ந்தபோது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுதான். ஒரு தறி ஓடினாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கூடத்தில் எட்டு வரிசைத் தறிகள் ஓடின. நூல் சுமக்கும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு பாய, கூரைத் தகரம் அதிர, வருஷக்கணக்கில் அதற்கு நடுவில் நின்றவளின் காது கொஞ்சம் கொஞ்சமாகக் கடையைக் கட்டியது. முதலில் குருவிகள் போயின. பிறகு குழாய்த் தண்ணீர் சொட்டுவது போனது. பிறகு பெண்களின் பேச்சு. கடைசியில் ஆண்களின் பேச்சும் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுகிற மாதிரி ஆகிவிட்டது.

அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. தறிக்கூடத்துக்குள் காது கேட்கிறவர்களுக்கும் எதுவும் கேட்காது. அங்கே எல்லோரும் வாயசைவில்தான் பேசுவார்கள். குரல் எழுப்பாமல், உதட்டை விரித்து, குவித்து, நாக்கின் நுனியைக் காட்டி, முதல் வரிசையில் நிற்பவள் மூன்றாம் வரிசையில் நிற்பவளிடம் மாமியாரைப் பற்றி மனம்விட்டுப் பேசலாம். ஒரே ஒரு தொல்லை உண்டு. உதட்டில் 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான். அப்பா என்று சொன்னாலும் அம்மா என்று சொன்னாலும் வாய் ஒரே மாதிரி மூடித் திறக்கும். அதனால் அப்பா என்றால் மேலுதட்டில் விரலால் மீசை இழுப்பார்கள். அம்மா என்றால் கன்னத்தைத் தட்டுவார்கள். மாமா என்றால் தொப்பையைத் தடவுவது; பாப்பா என்றால் கையைத் தொட்டில் போல் ஆட்டுவது. என்னாக்கா இந்தக் கலையில் கைதேர்ந்தவள். தறிக்கூடத்தில் அவளை யாரும் செவிடு என்று நினைத்ததே இல்லை. வெளியே வந்தால்தான் "என்னா?"

அவள் புருஷன் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை பார்த்தான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். காது மந்தமாக ஆரம்பித்த புதிதில் அவன் அவளிடம் கத்திக் கத்திப் பேசினான். தினமும் சண்டை என்று தெருவே பேசிக்கொண்டது. பிறகு அவளிடமிருந்தே வாயசைவு கற்றுக்கொண்டு குரலைக் கட்டி வைத்துவிட்டான். "முன்னாடியாவது கத்திக்கிட்டாங்க, இப்ப பேச்சு வார்த்தையே நின்னு போச்சு" என்று அதே தெரு வருத்தப்பட்டது. வருத்தப்பட்டவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமே இல்லாமல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

என்னாக்காவின் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஒரு முறை ஜப்பான் துறைமுகத்தில் கப்பல் நின்று திரும்பியபோது அக்காவுக்கு ஒரு மடக்குக் குடையும், மச்சானுக்கு ஒரு சின்னப் பெட்டியும் வாங்கி வந்தான்.

"என்ன மாப்ள, சோப்பு டப்பாவா?" என்று கேட்டான் புருஷன்.

"ரேடியோ மச்சான்."

"யாருகிட்ட கதை விடற?"

அவன் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. அந்த ஊரில் ரேடியோ என்றால் ஒரு மரச்சாமான். அதற்கென்று மேஜை, மேஜைக்கு விரிப்பு, ரேடியோவுக்கு உறை. சுவிட்சைப் போட்டால் உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடாகி அது வாயைத் திறப்பதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இதுவோ உள்ளங்கையில் அடங்கியது. பச்சை நிறம், முன்னால் பொடி ஓட்டைகள் போட்ட தகடு, ஓரத்தில் பல் வைத்த சக்கரம், தோலில் ஓர் உறை. தீப்பெட்டி அளவு பேட்டரி. தம்பி சக்கரத்தை நகர்த்தியதும் 'க்ளிக்' என்று ஒரு சத்தம், உடனே பாட்டு. புருஷன் பெட்டியைப் பின்னால் திருப்பிப் பார்த்தான், வயர் எங்கே போகிறது என்று. எங்கேயும் போகவில்லை.

"டிரான்சிஸ்டர் மச்சான். சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு நடக்கலாம்."

பாக்கெட்டில் போட்டபோது ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அது இன்னும் வசதியாகப் போயிற்று, எல்லோருக்கும் தெரியுமே. புருஷன் அன்று மாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்தான். அவன் மார்பிலிருந்து ஒரு பெண் பாடிக்கொண்டே போனாள். நாய்கள் பின்னால் போயின. என்னாக்கா வாசலில் புதுக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல், அந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தாள். பாட்டு அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர் வாயைப் பிளந்தது நன்றாகத் தெரிந்தது.

அடுத்த விடுமுறை நாளன்று புருஷன் குளிக்கப் போனான். பெட்டி மேஜைமேல் கிடந்தது. அதனுடன் வந்த வெள்ளைக் காதுக் குமிழ் ஒன்று, நீள வயரோடு, உறைக்குள் சுருண்டிருந்தது. ஒற்றைக் காதில் செருகிக்கொள்வது. புருஷன் அதைத் தொட்டதே இல்லை. தனக்கு மட்டும் கேட்டு என்ன பிரயோசனம். என்னாக்கா அதை எடுத்துச் சும்மா காதில் செருகிப் பார்த்தாள். வயரின் மறுமுனையை அதற்கான துளையில் சொருகினாள். சக்கரத்தை நகர்த்தினாள். ஒன்றும் இல்லை. இன்னும் நகர்த்தினாள். சக்கரம் இனிப் போகாது என்று நிற்கிற வரைக்கும் நகர்த்தினாள்.

"...கடற்கரைப் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும்" என்றார் ஒருவர், அவள் தலைக்குள்ளேயே நின்றுகொண்டு.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்றார் அவர். கனமான, நிதானமான, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்த குரல். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வயரோடும் பெட்டியோடும் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, காத்து வரப்போகுதாம். பலத்த காத்து. கடலுக்குப் போக வேண்டாமாம்."

சோப்பு நுரையோடு கதவைத் திறந்த புருஷன், தாங்கள் எப்போது கடலுக்குப் போவதாக இருந்தோம் என்று யோசித்தான். பிறகுதான் அவள் காதில் இருந்த வயரைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், எது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று காலை அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் வானிலை தெரியாமல் போகவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டிக் காற்று வரப்போவதைச் சொல்லிவிட்டு வந்தாள். மாலையில் காற்று வந்தது. அதை அவளே அடித்ததுபோல் அவளுக்குப் பெருமை.

"வச்சுக்கோ" என்று உதட்டசைத்தான் புருஷன். ரேடியோ கைமாறிவிட்டது. அதில் அவனுக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கிறது, கட்டின புருஷன் குரல் கேட்கவில்லையே.

"அந்த ஆளு குரல் எப்படி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டான்.

"நல்ல கனம். கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி."

"என் குரலு ஞாபகம் இருக்கா?"

"உங்க குரலா? தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு" என்றாள்.

அதற்கு மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தாடையை நெஞ்சில் அழுத்தி, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தான். "செய்திகள். சாப்பாட்டில் உப்பு குறைவாக உள்ளது."

அவளுக்குக் கேட்டது. மெல்லிய குரல்கள்தான் அவளை விட்டுப் போயிருந்தன. கனத்த குரல் பக்கத்தில் வந்தால் இன்னும் கொஞ்சம் நுழைய வழி இருந்தது. இருவரும் அதை அதுவரை கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அன்று முதல் அந்த வீட்டில் தலைப்புச் செய்திகள் தொடங்கின. பால் வந்துவிட்டது. வாடகை கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார். உன் புடவை முந்தானை பின்னால் சிக்கியிருக்கிறது. எல்லாம் அரசாங்கக் குரலில்.

ரேடியோவை அவள் மில்லுக்கும் எடுத்துப் போனாள். இடுப்பில் ஒரு துணிப்பை தைத்துக்கொண்டு, குமிழைக் காதில் செருகி, சுற்றிப் பஞ்சு அடைத்து, தலைத்துணியால் மூடிவிட்டாள். அவள் தறி முதல் வரிசையில் ஜன்னலோரம். அங்கே நிலையம் பிடித்தது. மற்றவர்கள் காதில் வைத்தால் மோட்டார்கள் ரேடியோவில் கிளப்பும் கீச்சுத்தான் கேட்டிருக்கும்; அந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் என்னாக்காவின் காதுக்கு எட்டவே எட்டாது. செவிட்டுக் காதே அவளுக்கு வடிகட்டி ஆயிற்று. ஒரே ஒரு கஷ்டம். பெட்டி ஜன்னலைப் பார்த்து இருந்தால் பேசும். அவள் நூல் முடிபோடத் திரும்பினால் வாயை மூடிக்கொள்ளும்.

பக்கத்துத் தறியில் குண்டூசி என்று ஒருத்தி. ஒல்லி, கூர்மை. "என்ன சொல்றாங்க?" என்று உதட்டசைத்தாள்.

"மதிய நாடகம். ஒரு பொண்ணு. அவ அப்பா வைத்தியத்துக்கு வெளியூர் போறாரு. மாமன்காரன் வீட்டை விக்கப் பாக்கறான்." மீசை இழுத்து, தொப்பை தடவி, எல்லாம் முறைப்படி.

குண்டூசி அதை இரண்டாம் வரிசைக்குச் சொன்னாள். இரண்டாம் வரிசை மூன்றாம் வரிசைக்குச் சொன்னது. நான்காம் வரிசையில் பல்செட்டு அத்தை. அவளுடைய பல்செட் லேசாகத் தளர்ந்திருந்தது, அதனால் அவள் வாயிலிருந்து போன கதை கொஞ்சம் ஆட்டம் கண்டுதான் ஐந்தாம் வரிசைக்குப் போகும். எட்டாம் வரிசைக்குப் போவதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஒரு குதிரையும் முளைத்திருந்தது. யாரும் கவலைப்படவில்லை. காதே செத்துப்போகிற அந்தக் கூடத்தில் ஒரு ரேடியோ நாடகம் ஓடியது. அதுவரை மணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த மதியம், இப்போது எப்போது வரும் என்று ஆகிவிட்டது.

சித்தப்பா வந்தது இப்படித்தான். நாடகத்தில் அந்தப் பெண் ரயில் நிலையத்தில் அப்பாவை வழியனுப்புகிறாள். பெண் குரல் என்னாக்காவுக்கு அரைகுறையாகத்தான் விழும். "எப்பப்பா வருவீங்க?" என்று அவள் கேட்டது என்னாக்காவின் காதில் "சித்தப்பா வருவாங்க" என்று விழுந்தது. அப்படியே ஒலிபரப்பிவிட்டாள்.

மறுநாள் குண்டூசி முதல் காரியமாகக் கேட்டாள். "சித்தப்பா வந்தாச்சா?"

என்னாக்கா காதை ஜன்னலுக்குக் கொடுத்துப் பார்த்தாள். நாடகத்தில் யாரும் சித்தப்பாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. எட்டு வரிசையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை.

"கிளம்பிட்டாரு. தப்பான ரயில்ல ஏறிட்டாரு."

குண்டூசி சிரித்த சிரிப்பில் அவள் தறியில் நாடா நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. என்னாக்கா சொக்கிப் போனாள். அடுத்த நாள் சித்தப்பா தப்பான ஊரில் இறங்கினார். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டையாகத் தைத்த கால்சட்டை. கையில் பூட்டு உடைந்த டிரங்குப் பெட்டி. போகிற இடத்திலெல்லாம் அது திறந்து துணிமணி கொட்டும். அவர் வந்து சேர்ந்துவிட்டால் மாமன்காரன் கதை முடிந்தது. ஆனால் மனுஷர் வந்து சேர்ந்தால்தானே. வீட்டில் புருஷன் இதில் மும்முரமாக இறங்கினான். "பஸ்ஸுல வரட்டும். டயரு வெடிக்கட்டும். பின்னாடி வலது பக்கம்" என்று அரசாங்கக் குரலில் யோசனை சொன்னான். சித்தப்பாவின் பயணத்தில் அத்தனை பஞ்சர் ஆனதற்கு அதுதான் காரணம். கடைசியில் அவர் தன்னுடையது என்று நினைத்து வேறு யாருடைய சைக்கிளையோ ஓட்டிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்த ஒலிபரப்பு ஒரு மதியம் குப்புற விழுந்தது. அன்று நிஜ நாடகத்திலேயே ஒரு நல்ல காட்சி. மாமன்காரன் வீட்டுப் பத்திரத்தைத் திருடிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடும்போது கிணற்றில் விழுந்துவிட்டான். என்னாக்கா தொப்பையைத் தடவி, "மாமா கிணத்துல" என்று சொன்னாள். முதல் மூன்று வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான்காம் வரிசையில் பல்செட்டு அத்தைக்கு அந்த நேரம் பார்த்து நூல் அறுந்தது. இரண்டு கையும் முடிபோடுவதில். தொப்பையைத் தடவக் கை இல்லை. வாயால் மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஐந்தாம் வரிசைக்கு அது "பாப்பா கிணத்துல" என்று போய்ச் சேர்ந்தது.

கூடத்து மூலையில் இருந்த தன் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்த மேஸ்திரி முதலில் குழம்பிப் போனார். கூடத்தின் முன்பாதி சிரித்துக்கொண்டிருந்தது. பின்பாதி தலையில் அடித்துக்கொண்டு அழுதது. நூல் அறுந்த தறிகளெல்லாம் கேட்பாரில்லாமல் ஓடி, துணியில் ஓட்டைக் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. அவர் ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்கினார். எட்டு வரிசையும் நின்றது. அப்போதுதான் இரண்டு சத்தமும் வெளியே கேட்டது, இந்தப் பக்கம் கெக்கெக்கே, அந்தப் பக்கம் ஒப்பாரி.

"யாரு செத்துட்டா?" என்றார் மேஸ்திரி.

"பாப்பா கிணத்துல விழுந்துடுச்சுண்ணே" என்று மூக்கைச் சிந்தினாள் கடைசி வரிசைக்காரி.

"பாப்பா இல்லடி, மாமா" என்று முன்னாலிருந்து குண்டூசி கத்தினாள்.

பின்வரிசை அழுகையை நிறுத்தியது. "மாமாவா?"

"மாமாதான். தொப்பை மாமா."

"அப்பச் சரி" என்று கடைசி வரிசைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு நூலைத் தேடினாள்.

மேஸ்திரிக்குச் சரியாக இல்லை. அத்தனை கெஜம் துணி பாழ். ரேடியோவைக் கேட்டு வாங்கித் தன் மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. "நாடகந்தான வேணும்? ஒழுங்கா உக்காந்து கேளுங்க" என்று சொல்லி, சாப்பாட்டு நேரத்தை நாடக நேரத்துக்கு மாற்றினார். மானேஜர் அறையிலிருந்த பெரிய மர ரேடியோவைச் சாப்பாட்டு அறையில் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் கூடம் மொத்தமும் அதைச் சுற்றி உட்கார்ந்தது. என்னாக்காவுக்கு அந்தத் தூரத்தில் ஒன்றும் கேட்காது. அவள் சாப்பிட்டபடி முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் நாள் எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக உதடுகள் அசைந்தன. சித்தப்பா எங்க? இன்னும் காணோமே? குண்டூசிதான் எல்லோருக்கும் பதில் சொன்னாள். "அவருதான் ஸ்டேஷன்ல இருக்காரே, எப்படி வருவாரு?" நியாயமாகப் பட்டது. இரண்டாம் நாளும் அதே பதில் போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று அழுதாள். "இந்த உலகத்தில் எனக்கென்று யாருமே இல்லை" என்றாள்.

சாப்பாட்டு அறை கொதித்துப் போயிற்று.

"யாருமே இல்லையாமே. அப்ப சித்தப்பா?"

"இவளுக்காக அந்த மனுஷன் எத்தனை பஸ்ஸு மாறினாரு."

"நன்றி கெட்டவ. கிணத்துல விழுந்தவனே மேல்."

பல்செட்டு அத்தை எழுந்து போய் ரேடியோவை அணைத்தாள். பிறகு ஒரு முகமும் இன்னொரு முகமும் மெல்லத் திரும்பி, கடைசியில் எல்லா முகங்களும் என்னாக்காவின் மேல் வந்து நின்றன. அவளுக்குக் காது நுனி வரைக்கும் சூடேறியது.

"எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு" என்றாள். "முதல் நாள் நெஜமா அப்படித்தான் கேட்டுச்சு. அப்புறம்..." தட்டைப் பார்த்தாள்.

யாரோ தோளைத் தட்டினார்கள். நிமிர்ந்தாள். குண்டூசி எதிரில் குந்தியிருந்தாள், உதடு நன்றாகத் தெரிகிற தூரத்தில்.

"கேட்டது கேட்டதாவே இருக்கட்டும். ஜாமீன்ல யாரு எடுக்கப் போறா அவரை?"

என்னாக்கா அவளையே பார்த்தாள். மற்றவர்களையும் பார்த்தாள். ஒருத்தி முகத்திலும் கோபம் இல்லை. ஆளுக்கொரு யோசனையோடு உதடுகள் ஒரே நேரத்தில் அசைந்தன. வக்கீல் வரட்டும். வேண்டாம், சைக்கிள்காரனே மனசு மாறட்டும். சைக்கிள்காரனுக்கு ஒரு தங்கச்சி இருக்கட்டும். அந்தத் தங்கச்சியை முன்மொழிந்தது பல்செட்டு அத்தை. எந்தப் பக்கம் படிப்பது என்று தெரியாமல் என்னாக்காவின் கண் தறி நாடாவைப் போல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அவளுக்கு எழுந்து ஆடவேண்டும்போல் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு அறையில் பெரிய ரேடியோ தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கேட்க ஒருவரும் இல்லை. பெண்கள் கூட்டமாகக் கண்ணாடி அறை வாசலில் நின்றார்கள்.

"என்ன?" என்றார் மேஸ்திரி.

"எங்க நாடகம் எங்களுக்கு வேணும்ணே" என்றாள் குண்டூசி. "அந்தப் பெட்டியில வர்றது சரியில்ல. முக்கியமான ஆளையே விட்டுட்டாங்க."

மேஸ்திரி சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்து, பச்சைப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். என்னாக்காவைப் பார்த்து, குரல் இல்லாமல், உதட்டை நன்றாக விரித்துக் கேட்டார். "அவரு அந்த சைக்கிளைத் திருப்பிக் குடுத்தாரா, இல்லையா?"

மேஸ்திரியும் ஒரு காலத்தில் தறி ஓட்டியவர்தான் என்பதை எல்லோரும் மறந்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஆரம்பத்திலிருந்து ஒரு நாள் விடாமல் படித்திருக்கிறார். அவர் மூன்றாம் வரிசை வழியாகப் படித்ததால் அவருடைய கதையில் குதிரை இல்லை. கடைசி வரிசைக்காரிகளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எந்தக் குதிரை என்று முதல் வரிசையும் கேட்டது. அந்த வழக்கைத் தீர்க்கவே அரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் குதிரையும் இருக்கட்டும் என்று என்னாக்கா தீர்ப்பு சொன்னாள்.

மேஸ்திரி இரண்டு நிபந்தனைகள் போட்டார். நூல் அறுந்தால் கதையை நிறுத்திவிட்டுத் தறியைப் பார்க்க வேண்டும். தொப்பையைத் தடவாமல் யாரும் மாமாவைப் பற்றிப் பேசக்கூடாது.

ரேடியோவில் அந்த நாடகம் சீக்கிரமே ஒரு கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. தறிக்கூடத்தில் முடியவில்லை. காலையில் என்னாக்கா ஜன்னலோரம் நின்று செய்தி, வானிலை, பந்தாட்டம் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு சொல் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். மதியம் வந்ததும் சக்கரத்தைத் திருப்பிப் பெட்டியை அணைத்துவிட்டுத் தன் நிகழ்ச்சியை ஆரம்பிப்பாள். அவளைப் பொறுத்தவரை அது நிலையத்தை மாற்றுகிற மாதிரிதான். சித்தப்பாவுக்கும் சைக்கிள்காரன் தங்கச்சிக்கும் கல்யாணம் ஆனது, குதிரையில்தான் ஊர்வலம் போனார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முடிபோடக் கற்றுக்கொடுத்த கையோடு நடந்த கதைச் சுருக்கத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் மில்லுக்கு ஒரு நாள் விடுமுறை கிடைத்தபோது எல்லோரும் சேர்ந்து ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனார்கள். என்னாக்காவின் புருஷனும் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்ததும் ஆரம்பி ஆரம்பி என்றார்கள். அங்கே தறியும் இல்லை, சத்தமும் இல்லை, வாய்விட்டே சொல்லியிருக்கலாம். ஆனால் கதை என்றால் உதட்டைப் பார்த்துத்தான் பழக்கம். என்னாக்கா எழுந்து நின்று, குரல் இல்லாமல், கைவீச்சும் வாயசைவுமாகத் தொடங்கினாள். வாயசைவில் பேசத்தான் புருஷனுக்குத் தெரியுமே தவிர வேகமாகப் படிக்க வராது. அவன் மற்றவர்கள் சிரித்த பிறகு ஒரு கணம் பிந்திச் சிரித்தான். அதற்காகவே அவர்கள் இன்னொரு தடவை சிரித்தார்கள்.

பூங்காக் காவலாளி தூரத்திலிருந்து இதைப் பார்த்தார். அத்தனை பெண்கள் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். திடீரென்று எல்லோரும் ஒன்றாகப் புல்லில் உருளுகிறார்கள். மறுபடியும் மயான அமைதி. அவர் தடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

புருஷன் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் அடிவயிற்றுக் குரலில் அதிகாரபூர்வமாக அறிவித்தான். "நாடகம். சித்தப்பா குதிரைக்கு லாடம் அடிக்கப் போயிருக்காரு."

"எந்தச் சித்தப்பா?"

அதற்கு எங்கிருந்து பதில் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குண்டூசி நகர்ந்து இடம் விட்டாள். காவலாளி தடியைப் புல்லில் கிடத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னாக்கா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி நின்று, அவருக்காக மட்டும் குரலைப் போட்டு, ரயில் நிலையத்திலிருந்து ஆரம்பித்தாள்.